கலைச்சொல் தேவை: பழுப்பாக இருந்து சாம்பலைச் சுமக்கும் பாம்புக்கு

அன்புள்ள குழுவினருக்கு,

அல்சூர் ஞாயிறு வகுப்பில் மரபியல் எடுக்கிறேன். பந்து மலைப்பாம்பு பற்றிய படத்தாள் சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. படத்தில் இரண்டு குட்டிகள். இரண்டிலும் மஞ்சள் துளியும் இல்லை, சாம்பலும் கறுப்பும்தான். இரண்டுக்கும் ஆக்சாந்திக் என்றே பெயர். ஒன்று வி.பி.ஐ. வழி, மற்றது டி.எஸ்.கே. வழி; இரண்டும் வெவ்வேறு வளர்ப்போரின் பெயர் தாங்கிய வம்சங்கள். ஒரே வழியில் இணைத்தால் குட்டிகள் எல்லாம் சாம்பல். இந்த இரண்டையும் இணைத்தாலோ அத்தனையும் சாதாரணப் பழுப்பு! அல்பினோவும் லாவண்டர் அல்பினோவும் இப்படித்தான், மரபணுவே வேறு. 'ஒடுங்கு பண்பு' (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவது) பாடநூலில் இருக்கிறது. 'மார்ஃப்', 'ஹெட்' இரண்டுக்கும் சொல் தாருங்கள். மார்ஃப் என்பது வழக்கத்திலிருந்து மாறிய நிறமோ கோலமோ கொண்ட வகை. ஹெட் என்பது பழுப்பாகவே இருந்து சாம்பல் மரபணுவைச் சுமக்கும் பாம்பு.

— அல்சூரிலிருந்து

அக்கா,

மார்ஃபுக்கு 'நிறவிகாரம்'. 'தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம்' என்று நன்னூல் வகுத்ததை அப்படியே பொருத்தலாம். அல்பினோவில் கறுப்பு கெட்டது, ஆக்சாந்திக்கில் மஞ்சள் கெட்டது. கிளவுன் என்ற மார்ஃபில் கோலம் மாறியது, அது திரிதல். தோன்றலுக்கு மட்டும் பாம்பு கிடைக்கவில்லை, தேடுகிறேன்.

— ஜெயநகரிலிருந்து

ஐயா, விகாரம் வடசொல். அதைவிட, பிள்ளைகளுக்கு விகாரம் என்றால் அசிங்கம். அவ்வளவு அழகான பாம்பை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. 'நிறத்திரிபு' போதும். ஹெட்டுக்கு 'உள்ளுறை' என்பேன்: சொல்லாமல் உள்ளே நிற்கும் பொருள்.

— விவேக் நகரிலிருந்து

உள்ளுறை பொருந்தாது, தம்பி. வெளியே சொன்ன காட்சியிலிருந்துதான் உள்ளுறையை உணர்கிறோம். இங்கே வெளியில் தடயமே கிடையாது. 'தொகை'தான் சரி. 'பால் குடித்தான்' என்பதில் ஐ உருபு தொக்கி நிற்கிறது; விரித்தால் 'பாலை' என்று வெளிப்படுகிறது. இனப்பெருக்கம்தான் இங்கே விரி. ஆகவே 'தொகுமரபி'.

— ஜெயநகரிலிருந்து

தொகுமரபி என்று எழுதினால் எட்டாம் வகுப்புப் பிள்ளை தொகுப்பு என்றுதான் படிக்கும். தூய்மை வேண்டும், புரியவும் வேண்டும். 'சுமப்பி' என்று வையுங்கள். எதைச் சுமக்கிறது என்று பிள்ளையே கேட்கும்.

— ஸ்ரீராமபுரத்திலிருந்து

'சுமப்பி' பிள்ளைகளுக்குப் புரியும், எனக்கும் நேரமில்லை. நிறத்திரிபு, சுமப்பி இரண்டையும் போடுகிறேன். ஆக்சாந்திக்கை 'மஞ்சளிலி' ஆக்கவில்லை. வழிப்பெயரை விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றென்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். வி.பி.ஐ. ஆக்சாந்திக், டி.எஸ்.கே. ஆக்சாந்திக் என்றே இருக்கட்டும்.

— அல்சூரிலிருந்து

நான் ஒப்பவில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரே வழியின் இரண்டு சுமப்பிகளை இணைத்தால் சராசரியாக நாலில் ஒன்று சாம்பல். மிச்சப் பழுப்பு மூன்றில் இரண்டு சுமப்பி, ஒன்று இல்லை. எது எதுவென்று கண்ணால் பிரிக்க முடியாது. வளர்ப்போர் அந்த மூன்றையுமே '66 விழுக்காடு ஹெட்' என்கிறார்கள். சுமக்கிறதா என்றே தெரியாததைச் சுமப்பி என்று எப்படி அச்சிடுவீர்கள், அக்கா?

— ஜெயநகரிலிருந்து