ஆத்தங்குடிக் கல்லோட குளிர்ச்சி காலுக்குத் தெரியலை. கறியை விட்டதாலயா?

தேவகோட்டைக் கடைக்காரர்:

வயசு 57. பலசரக்குக் கடை. ஆறு வருஷத்துக்கு முந்தி தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலேருந்து காவடியோட பழனிக்கு நடந்தேன். அந்த விரதத்தோட கறி, மீன், முட்டை எல்லாம் விட்டாச்சு. உப்புக்கறி இல்லாட்டி ஞாயித்துக்கிழமையே விடியாது எனக்கு. விட்டது எனக்கே ஆச்சரியம். முதல் ரெண்டு வருஷம் அருமையா இருந்துச்சு. ஆறு கிலோ குறைஞ்சது, நெஞ்சு எரிச்சல் போச்சு.

இப்ப எட்டு மாசமா உள்ளங்கால் எரியுது, விரல்ல எறும்பு ஊர்றாப்ல இருக்கு. முந்தாநாள் மத்தியானம் கடையிலேருந்து வந்து வீட்டு வளவுல வெறுங்காலோட நிக்கிறேன். தரையில பதிச்ச ஆத்தங்குடிக் கல்லு சித்திரை வெயில்லயும் சிலுசிலுன்னு இருக்குமே, அந்தச் சில்லிப்பே தெரியலை. குனிஞ்சு உள்ளங்கையால தொட்டுப் பாத்தேன், குளுகுளுன்னுதான் இருக்கு. காலுக்குத்தான் தெரியலை. பயந்துட்டேன்.

ஒருத்தர்ட்ட காட்டினதுக்கு, நிறைய நடந்ததால நரம்பு இழுத்துருச்சுன்னு வலி மாத்திரை குடுத்தார். வயிறு புண்ணானதுதான் மிச்சம். வீட்ல ‘எலும்பு சூப்பு வைக்கவா’ன்னு கரண்டியோட நிக்கிறாக. முருகன்ட்ட சொன்ன வாக்கு இருக்கே. சைவத்துலயே இருந்து சரி பண்ண முடியாதா?

காரைக்குடி ஆச்சி:

தம்பி, சைவம்னா சத்து இல்லைன்னு யாரு சொன்னா? வாரம் ரெண்டு நாள் கும்மாயம் கிண்டச் சொல்லுங்க. உளுந்து, பாசிப்பருப்பு, கருப்பட்டி, நெய்யின்னு அதுல இல்லாததா? கவுனி அரிசியும் சேத்துக்கங்க. நரம்புக்கு வேணுங்கற பி12 வைட்டமினும் இட்லி மாவு புளிக்கிறதுலயே வந்துரும்னு எங்க பேத்தி சொல்றா.

மருந்துக்கடைத் தம்பி:

ஆச்சி, கும்மாயத்துல புரதம் உண்டு, இரும்பும் கொஞ்சம் உண்டு. மறுக்கலை. ஆனா பி12 அதுல இல்லை. அதைச் செய்யறது பாக்டீரியா மாதிரி நுண்ணுயிர்தான். நமக்குக் கறி, மீன், முட்டை, பால் வழியா வரும். பருப்பு, கீரை, அரிசியில கிடையாது. புளிச்ச மாவையும் நம்பி இருக்க முடியாது. சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரையும் அப்படித்தான், அதுல இருக்கறது பெரும்பாலும் நம்ம உடம்புக்கு உதவாத போலி வகை.

அண்ணே, ஆறு வருஷம் கழிச்சு ஏன்னு தோணும். கல்லீரல்ல பி12 சேமிப்பு இருக்கும், அதை வச்சு உடம்பு சில வருஷம் ஓட்டிரும். இருப்பு தீர்ந்த பெறகுதான் நரம்பு கேக்கும். உங்ககிட்ட ரெண்டு கேள்வி. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடறீகளா? பால், தயிர் எவ்வளவு?

தேவகோட்டைக் கடைக்காரர்:

மெட்ஃபார்மின் ஒம்பது வருஷமா. நெஞ்சு எரிச்சலுக்கு ரொம்ப நாள் பாண்டப்ரசோலும் எடுத்தேன். பால் அறவே இல்லை. சளி பிடிக்குதுன்னு தயிரை விட்டேன், கடையில வரக்காப்பிதான்.

மருந்துக்கடைத் தம்பி:

அப்ப கறியை விட்டதை மட்டும் குத்தம் சொல்லாதீக. மெட்ஃபார்மின் ரொம்ப நாள் எடுத்தா பி12 உறிஞ்சறது குறையும், அமிலம் குறைக்கிற மாத்திரையும் அதே வேலையைச் செய்யும். அதோட பாலும் போச்சு. ஒரு நாளைக்கு வேணுங்கறது 2 முதல் 2.5 மைக்ரோகிராம்தான், அரை லிட்டர் பால்ல 2 கிட்ட வந்துரும். ஆனா எரிச்சல் வந்த பெறகு பாலை மட்டும் நம்பக்கூடாது, ரத்தத்துல பி12 பாக்கணும். சர்க்கரையாலயும் கால் மரத்துப்போகும், ரெண்டும் சேந்தும் இருக்கும். டாக்டர்ட்ட நேரா கேளுங்க, மாத்திரையை நீங்களா நிறுத்திராதீக. ஃபோலிக் ஆசிட் மட்டும் வாங்கிப் போடவும் வேண்டாம். ரத்தசோகையைச் சரியாக்கிக் காட்டி நரம்புச் சேதத்தை மறைச்சுரும்.

தேவகோட்டைக் கடைக்காரர் (பதினஞ்சு நாள் கழிச்சு):

பாத்தாச்சு. பி12 148. 200-க்கு மேல இருக்கணுமாம். மெத்தில்கோபாலமின்ங்கற பி12 ஊசி ஒருநாள் விட்டு ஒருநாள், நாலு போட்டாச்சு. நரம்பு தேற மாசக்கணக்காகும்னாங்க. சைவத்தை விடச் சொல்லலை, ‘மாத்திரை உண்டு, பயப்படாதீக’ன்னுட்டார். கல்லு இன்னும் தெரியலை. ஆனா நேத்து ராத்திரி எரிச்சல் இல்லாம தூங்கினேன்.

தயிரு ஆரம்பிச்சாச்சு. ஆச்சி, கும்மாயத்துக்கு அளவு சொல்லுங்க. கருப்பட்டியைப் பத்தி டாக்டர்ட்ட கேக்கலை, கேட்டா வேண்டாம்பார்.