நைஸ் 19 கொடுத்தும் எஃப்எஃப்எம்பெக் அடங்க மாட்டேங்குது

லெபுபாசார்_படக்காரன்:
பினாங்கு லிட்டில் இந்தியாவில் வீடியோ கடை. இருப்பது ஒரே ஒரு லினக்ஸ் பெட்டி. தைப்பூசக் கோப்புகள் குவிஞ்சு கிடக்கு, வெள்ளி ரதம், தண்ணீர்மலைப் படிக்கட்டுன்னு எல்லாம் ஃபோர்கே. ஒரு டெர்மினலில் வீடியோ மாத்துற எஃப்எஃப்எம்பெக்கை நைஸ் 19 போட்டு, அதாவது கடைசி முன்னுரிமையில், ஓடவிட்டேன். இன்னொரு டெர்மினலில் கல்யாண ஆல்பம் அடுக்குற ஸ்கிரிப்ட். டாப் கட்டளையில் பார்த்தால் ரெண்டும் சிபியூவை ஆளுக்குப் பாதியா எடுக்குது! வாடிக்கையாளர் கவுண்டரில் நிக்கிறார். நைஸ் எதுக்குத்தான் இருக்கு?

செந்தூல்வாசி:
டாஸ்க்செட் கட்டளை போட்டு எஃப்எஃப்எம்பெக்குக்கு ரெண்டு சிபியூ கோர் மட்டும் ஒதுக்குங்க, முடிஞ்சது.

பாயான்லெப்பாஸ்_ஷிப்டு:
அப்படி கோர் ஒதுக்கினால் ராத்திரி கடை மூடின பிறகும் மிச்ச கோரெல்லாம் சும்மாதான் கிடக்கும். வேண்டாம்.

சிபியூவைப் பங்கு போடுறது எடை பார்த்து: சாதாரண வேலைக்கு இருக்கிற நைஸ் 0-க்கு எடை 1024, நைஸ் 19-க்கு 15. நேருக்கு நேர் மோதினால் உங்க எஃப்எஃப்எம்பெக்குக்கு 1.5 சதவீதம்கூடக் கிடைக்காது. பாதி கிடைக்குதுன்னா ரெண்டும் மோதவே இல்லைன்னு அர்த்தம். லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலில், 2.6.38 பதிப்பில் ஆட்டோகுரூப் வந்துச்சு. ஒவ்வொரு டெர்மினல் செஷனும் தனிக் குழு. கெர்னல் முதலில் குழுக்களுக்குச் சமமாப் பிரிக்கும், நைஸ் அந்தக் குழுவுக்குள்ளே மட்டும்தான் செல்லும். ஒரு வீட்டுக்குள்ளே கடைக்குட்டி எவ்வளவு விட்டுக்கொடுத்தாலும் பக்கத்து வீட்டுக்கு ஒரு கவளம் கூடப் போகாது, அந்தக் கதைதான். உங்க எஃப்எஃப்எம்பெக் இருக்கிற குழுவில் வேற ஆளே இல்லை.

ரெண்டையும் ஒரே டெர்மினலில் ஓடவிட்டுப் பாருங்க, நைஸ் பிடிக்கும். இல்லாட்டி ப்ராக் அடைவில் எஃப்எஃப்எம்பெக்கோட பிஐடிக்குள் (ஓடுற வேலையோட எண்) ஆட்டோகுரூப்னு ஒரு கோப்பு இருக்கும், அதில் 19-னு எழுதுங்க. குழுவோட எடையே இறங்கிடும்.

செந்தூல்வாசி:
கெர்னல் 6.6-இல், யாருக்கு எப்போ சிபியூன்னு முடிவு பண்ணுற ஷெட்யூலரையே மாத்திட்டாங்களே, ஈஈவிடிஎஃப்னு?

பாயான்லெப்பாஸ்_ஷிப்டு:
2023-இல். 2007-லிருந்து இருந்த சிஎஃப்எஸ்ங்கற பழைய ஷெட்யூலரின் இடத்துக்கு வந்தது. எடைக் கணக்கு அப்படியேதான் இருக்கு. அடுத்து யாரை ஓடவிடறதுங்கறதை இப்போ கெடு பார்த்து முடிவு பண்ணுது. அதனால் சின்னச் சின்ன வேலை ரொம்ப நேரம் காத்திருக்காது. இவர் பிரச்சினைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

லெபுபாசார்_படக்காரன்:
எழுதினேன் அண்ணே, எஃப்எஃப்எம்பெக் ஒரேயடியா அடங்கிடுச்சு, ஆல்பம் பறக்குது. ஆனா அடுத்த கோப்பை ஆரம்பிச்சா பிஐடி மாறிடுதே? இன்னொண்ணு, வெளி ஹார்ட்டிஸ்க்கில் படிக்கும்போது இன்னும் கொஞ்சம் திணறுது.

பாயான்லெப்பாஸ்_ஷிப்டு:
கோப்புக்குக் கோப்பு எழுதாதீங்க. சிஸ்டம்டி-ரன் கட்டளை மூலமா ஸ்கோப்பா, அதாவது தனிக் குழுவா, ஓடவிட்டு அந்தக் குழுவோட எடையான சிபியூவெயிட்டை 10 கொடுங்க, சாதாரண அளவு 100. டிஸ்க் தனிக் கணக்கு, சிபியூ எடை அங்கே செல்லாது. டிஸ்க்குக்கான நைஸ் மாதிரி இருக்கிற ஐயோநைஸில், மத்தவங்க சும்மா இருக்கும்போது மட்டும் ஓடுற ஐடில் வகுப்பு இருக்கு, ஆனா அந்த டிஸ்க்குக்கு பிஎஃப்க்யூ மாதிரி முன்னுரிமை பார்க்கிற டிஸ்க் ஷெட்யூலர் இருந்தால்தான் அது உருப்படியா வேலை செய்யும். சிஸ் பிளாக் அடைவில் அந்த டிஸ்க்கோட க்யூவுக்குள் ஷெட்யூலர்ங்கற கோப்பைப் பாருங்க, எந்தப் பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்குன்னு சொல்லுங்க, அதுதான் இப்போ ஓடுறது.