எலக்ட்ரான் நிலைமாற்றம், மறிகாப்பான்: என் பரிந்துரை

> மூலக்கூறுக் கடத்திகளை (மின்சாரம் கடத்தும் கரிம மூலக்கூறுப் படிகங்களை) அழுத்தும்போது நேர்வதை "மின்னணு நிலைமாற்றம்" எனலாமா?

வணக்கம்.

வேண்டாம் என்பேன். மின்னணு என்ற சொல்லை வாக்குப்பதிவு இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது, இன்று அதைப் படித்தால் மனதில் வருவது சர்க்யூட் போர்டுதான். இங்கே நிலை மாறுவது எலக்ட்ரான்கள். அதனால் "எலக்ட்ரான் நிலைமாற்றம்" என்றே எழுதலாம். இலங்கை நண்பர்கள் இலத்திரன் என்று எழுதட்டும், ஒன்றும் கெட்டுவிடாது.

நிலைமாற்றம் என்பது பனி உருகுவதற்கான சொல், இதற்குப் பொருந்தாது என்று போன மடலில் ஒருவர் எழுதியிருந்தார். நன்றாகவே பொருந்தும். பெடிடி-டிடிஎஃப் என்ற கரிம மூலக்கூறின் கப்பா வகை (மூலக்கூறுகள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தின் பெயர்) உப்பு ஒன்று, காப்பர் டைசயனமைடு குளோரைடோடு சேர்ந்தது, சாதாரண அழுத்தத்தில் குளிர்வித்தால் காப்பான், அதாவது மின்சாரத்தைக் கடத்தாது. சுமார் 300 பார் கொடுத்தால் (கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்) உலோகமாகி, 12.8 கெல்வினில் மின்தடையே இல்லாத மீக்கடத்தியே ஆகிவிடுகிறது. அழுத்தத்தை ஏற்றும்போது மாறும் இடமும் இறக்கும்போது மாறும் இடமும் ஒன்றல்ல. காப்பானையும் உலோகத்தையும் பிரிக்கும் கோடு 40 கெல்வின் அருகே ஒரு புள்ளியில் முடிந்தும் போகிறது, நீருக்கும் நீராவிக்கும் நடுவே உள்ள கோடு 374 டிகிரி செல்சியஸில் முடிவதைப் போலவே. அப்புறம் சொல் மட்டும் ஏன் வேறாக வேண்டும்?

சரி, சிக்கலான இடம் அந்தக் காப்பானின் பெயர். இயற்பியலாளர் நெவில் மோட் பெயரை ஒட்டி "மோட் காப்பான்" என்று எழுதுவதோடு நிறுத்த எனக்கு மனமில்லை. அது ஏன் கடத்தவில்லை என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். இந்த உப்பில் மூலக்கூறுகள் ஜோடி ஜோடியாக நிற்கின்றன, ஜோடிக்கு ஒரு துளை (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்). பட்டை (எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகளின் தொகுப்பு) பாதிதான் நிரம்பியிருக்கிறது, அந்தக் கணக்குப்படி மின்சாரம் ஓட வேண்டும். ஆனால் ஒரே ஜோடியில் இரண்டு துளைகள் சேர்ந்தால் ஒன்றையொன்று அவ்வளவு பலமாகத் தள்ளும் என்பதால் எதுவும் பக்கத்து ஜோடிக்குப் போக முடியாமல் இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. மூலக்கூறுப் படிகங்கள் மென்மையானவை, கொஞ்சம் அழுத்தினாலே ஜோடிகள் நெருங்கும், ஆர்பிட்டால்கள் (மூலக்கூறில் எலக்ட்ரான் உலவும் பகுதிகள்) ஒன்றன்மேல் ஒன்று கூடுதலாகப் படியும், தாவுவது எளிதாகிவிடும்.

பாதை இருக்கிறது, வண்டியும் இருக்கிறது, நகரத்தான் முடியவில்லை. நம் ஊரில் இதற்குப் பெயர் மறியல். ஆகவே "மறிகாப்பான்", குறைகடத்தி போலவே சின்னதாக, நாவில் நிற்கும். அது உலோகமாவதும் திரும்புவதும் "மறிமாற்றம்". மறி என்றால் ஆட்டுக்குட்டி அல்லவா என்று கேட்கலாம். காப்பானோடு சேரும்போது அந்தக் குழப்பம் வராது.

ஒரே ஒரு எச்சரிக்கை. அழுத்தினால் கடத்தும் எல்லாவற்றுக்கும் இந்தப் பெயரை ஒட்டிவிடக் கூடாது. வேதியியலாளர் கிளாவுஸ் பெக்கார்ட் தயாரித்து, பிரான்ஸின் ஓர்சேயில் இயற்பியலாளர் டெனி ஜெரோம் குழு 12,000 பார் அளவில் அழுத்தி 0.9 கெல்வினில் மீக்கடத்தியாகக் கண்ட வேறொரு கரிம மூலக்கூறின் உப்பும் (1980-ல் வெளியானது) அழுத்தாவிட்டால் 12 கெல்வினில் காப்பானாகிவிடும். ஆனால் அதற்குக் காரணம் தற்சுழற்சி அடர்த்தி அலை, அதாவது எலக்ட்ரான்களின் தற்சுழற்சி படிகம் முழுக்க அலைபோல் மாறிமாறி அமைந்துவிடுவது. அங்கே மறியல் கிடையாது.

இன்னொன்று பாக்கி. அதே பெடிடி-டிடிஎஃப் மூலக்கூறின் ஆல்பா வகை அயோடைடு உப்பில் 135 கெல்வினில் மின்னூட்டம் மூலக்கூறுக்கு மூலக்கூறு கூடியும் குறைந்தும் வரிசை பிடித்து நின்றுவிடுகிறது. "மின்னூட்ட வரிசை" என்று எழுதி வைத்திருக்கிறேன். இலங்கை வழக்கில் "ஏற்ற வரிசை" என்றாகும், அது மேடு ஏறுவது போலக் கேட்கிறது. இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.