இரத்தத் தட்டணுக்களுக்கும் நோயெதிர்ப்புக்கும் உண்மையில் என்ன தொடர்பு?

மாலைவெயில் (கேள்வி):

என் தங்கைக்கு ஐ.டி.பி. என்ற நோய் இருப்பதாகக் கண்டறிந்திருக்கிறார்கள். நோயெதிர்ப்பு மண்டலமே சொந்தத் தட்டணுக்களை அந்நியமாகக் கருதி அழித்துவிடுகிறது என்று மருத்துவர் விளக்கினார். அதுவரை புரிந்தது. மேற்கொண்டு படிக்க உட்கார்ந்தபோதுதான் குழப்பம் தொடங்கியது.

நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள். தட்டணு என்றால் உட்கரு இல்லாத சிறு துண்டு, இரத்தம் உறைய உதவும் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுவோம். இப்போது படிக்கும் கட்டுரைகளோ அதையே நோயெதிர்ப்பு செல் என்கின்றன. பாக்டீரியாவைப் பிடிக்கிறதாம், வெள்ளணுக்களைத் தூண்டுகிறதாம், மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்கிறதாம். இவற்றில் எது உறுதியானது, எது மிகை? உட்கருவே இல்லாத ஒன்றால் இவ்வளவு எப்படி முடியும்? தட்டணு குறைந்திருப்பதால் தங்கைக்குத் தொற்றும் எளிதில் வருமா? இந்தத் துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நுண்ணோக்கி:

தங்கை நலம் பெறட்டும், அம்மா. தட்டணுக்களை ஆராயும் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். இந்தக் கேள்விக்கு நீளமாகத்தான் பதில் எழுத முடியும்.

முதலில் குதிரைலாட நண்டு. அதன் இரத்தத்தில் ஏறக்குறைய ஒரே வகை செல்தான் உண்டு, அமீபோசைட் என்பார்கள். அந்த நண்டுக்குள் சில பாக்டீரியாக்களைச் செலுத்தினால் உடலுக்குள்ளேயே இரத்தம் உறைந்துபோகிறது என்று 1956-இல் ஃபிரெடெரிக் பாங் எழுதினார். பிறகு அவரும் ஜாக் லெவினும் காரணத்தைத் தேடினார்கள். கிராம்-நெகட்டிவ் என்ற வகைப் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருள் பட்டதும், அமீபோசைட் தன் துகள்களை வெளியே கொட்டி உறைகட்டியை உண்டாக்குகிறது. ஊசி மருந்துகளில் எண்டோடாக்சின் கலந்திருக்கிறதா என்று சோதிக்கும் முறை இதிலிருந்துதான் பிறந்தது. காயத்தை அடைப்பதும் கிருமியை மடக்குவதும் அந்த உயிருக்கு ஒரே செல்லின் ஒரே செயல். நம் உடலில் இந்த வேலைகள் பல செல்களுக்குப் பிரிந்துபோயின. ஆனால் முழுதாகப் பிரியவில்லை. தட்டணு ஒரு நோயெதிர்ப்பு செல் என்று கேட்டதும் பலர் புருவம் உயர்த்துகிறார்கள். இரண்டு வேலைகளும் தொடக்கத்திலிருந்தே ஒட்டியிருந்தவை என்று பார்த்தால் அதில் வியப்புக்கு இடமே இல்லை.

உட்கரு பற்றிக் கேட்டீர்கள். தட்டணுவுக்கு வேண்டிய பெரும்பாலானவற்றை அதன் தாய்ச்செல்லான மெகாகேரியோசைட் முன்கூட்டியே நிரப்பி அனுப்பிவிடுகிறது. 2 அல்லது 3 மைக்ரோமீட்டர் அகலமும் 7 முதல் 10 நாள் ஆயுளும் கொண்ட அந்தத் துண்டுக்குள் ஆல்ஃபா துகள்கள் மட்டுமே 50-க்கு மேல் இருக்கும். ஃபைப்ரினோஜன் போன்ற உறைதல் புரதங்கள் இருக்கும் அதே துகள்களில்தான் வெள்ளணுக்களை ஈர்க்கும் கீமோகைன்களும் இருக்கின்றன. துகள்களின் சவ்வில் பி-செலக்டின் என்ற புரதம் மறைந்திருக்கும். தட்டணு தூண்டப்பட்ட சில நொடிகளில் அது வெளிப்பரப்புக்கு வந்துவிடும், நியூட்ரோஃபில், மோனோசைட் என்ற வெள்ளணு வகைகள் அதைப் பற்றிக்கொள்ளும். புரதம் செய்வதற்கான குறிப்பான எம்.ஆர்.என்.ஏ.வும் கொஞ்சம் உள்ளே இருப்பதால் உட்கரு இல்லாமலேயே சில புரதங்களைப் புதிதாகத் தயாரிக்கவும் தட்டணுவால் முடியும்.

இனி ஆய்வுகள். நியூட்ரோஃபில் தன் டி.என்.ஏ.வையே வலையாக வெளியே வீசிப் பாக்டீரியாவைச் சிக்கவைக்கிறது என்று 2004-இல் பெர்லின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த வலையை வீசும்படி தூண்டுவதில் தட்டணுவுக்குப் பங்கு உண்டு என்று 2007-இல் கனடாவின் கால்கரியிலிருந்து கட்டுரை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கதை எதிர்த்திசையிலும் ஓடியது: அந்த வலையே தட்டணுக்களை ஒட்டவைத்து உறைகட்டியை வளர்க்கிறது. இவற்றையெல்லாம் இணைத்து 2013-இல் மியூனிக்கின் எங்கல்மன், மாஸ்பெர்க் இருவரும் இம்யூனோத்ராம்போசிஸ் என்ற கருத்தை முன்வைத்தார்கள். நுண்குழாய்களில் உண்டாகும் சிறு உறைகட்டி கிருமி பரவாமல் மடக்கும் தற்காப்பாகவும் இருக்கலாம், அது கட்டுமீறும்போதுதான் நோய் என்பது அவர்கள் வாதம். 2017-இல் அதே நகரத்திலிருந்து வந்த இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒட்டிய தட்டணு அந்த இடத்திலேயே கிடப்பதில்லை. மெல்ல ஊர்ந்து, வழியில் இருக்கும் ஃபைப்ரின் என்ற உறைதல் இழைகளையும் அவற்றில் சிக்கிய பாக்டீரியாவையும் கூட்டிச் சேர்க்கிறது. நுண்ணோக்கியில் அந்தப் படக்காட்சியைப் பார்க்கிறவர்கள் தட்டணுவை வெறும் துண்டு என்று இனி சொல்ல மாட்டார்கள்.

எது மிகை என்ற கேள்விக்கு வருகிறேன். மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி எலிகளிலும் கண்ணாடித் தட்டுகளிலும் கண்டது. எலியின் இரத்தத்தில் தட்டணுக்கள் நம்மைவிடப் பல மடங்கு அதிகம். ஆன்டிபாடிகளைப் பற்றிக்கொள்ளும் எஃப்.சி. காமா 2ஏ என்ற ஏற்பி மனிதத் தட்டணுவில் உண்டு, எலியின் தட்டணுவில் கிடையவே கிடையாது. நோயெதிர்ப்பைப் பற்றிப் பேசும்போது இது சிறிய வேறுபாடு அல்ல. அதோடு, தட்டணுவைக் கையாள்வதே ஒரு சோதனை. மெல்லிய ஊசியால் வேகமாக இழுத்தாலோ குளிரில் வைத்தாலோ அது தூண்டப்பட்டுவிடும். பிறகு நாம் பார்ப்பது கிருமியின் விளைவா, நம் கையின் விளைவா என்று பிரிக்க முடியாது. ஒரு கட்டுரையைக் கையில் எடுத்ததும் முடிவுகளுக்கு முன்னால் இரத்தம் எப்படி எடுக்கப்பட்டது என்ற பத்தியைத்தான் நான் படிப்பேன். மலேரியா செய்தியும் அப்படித்தான். தொற்றிய சிவப்பணுவுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியைத் தட்டணு கொல்லும் என்று 2009-இல் காட்டினார்கள், அது நல்ல ஆய்வு. ஆனால் மூளை மலேரியாவில் நுண்குழாய்களில் தட்டணுக்கள் திரண்டு தீங்கு செய்வதும் பதிவாகியிருக்கிறது.

மனிதர்களிடமே மறுக்க முடியாத சான்று வேண்டுமென்றால் பி.எஃப்.4 என்ற தட்டணுப் புரதத்தைப் பாருங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைப் பெறும் சிலருக்கு, இந்தப் புரதமும் ஹெப்பாரினும் சேர்ந்த கூட்டுக்கு எதிராக ஆன்டிபாடி உருவாகிறது. அது எஃப்.சி. ஏற்பி வழியாகத் தட்டணுவைத் தூண்ட, எண்ணிக்கை சரிகிறது, கூடவே இரத்தக் குழாய்களில் உறைகட்டியும் உண்டாகிறது. 2021-இல் அடினோவைரஸ் வழிக் கோவிட் தடுப்பூசிகளுக்குப் பின் மிக அரிதாக வந்த உறைகட்டி நோயிலும் இதே புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகளையே கண்டார்கள். தட்டணு குறைந்தால் இரத்தம் கசியும் என்று மட்டும் கற்றவர்களுக்கு, தட்டணு குறைந்தபடியே உறைகட்டி வளரும் இந்த நோய்கள் பெரிய பாடம்.

ஆய்வகப் பணியாளர்:

சகோதரி, மேலே ஐயா விரிவாக எழுதிவிட்டார். மருத்துவமனை இரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இரத்த எண்ணிக்கைக்கு வழக்கமாகப் பயன்படும் ஈ.டி.டி.ஏ. குழாயில் சிலருடைய தட்டணுக்கள் தமக்குள் ஒட்டித் திரளும். எந்திரம் அந்தத் திரள்களைத் தட்டணுவாக எண்ணாது. உடலில் போதுமான அளவு இருந்தும் அறிக்கையில் எண் குறைந்து வரும். அதனால் ஐ.டி.பி. என்று முடிவு செய்யும் முன் கண்ணாடித் தட்டில் இரத்தம் தீற்றி ஒருவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். ஐயம் இருந்தால் சிட்ரேட் குழாயில் மறுபடி எடுப்போம். தங்கைக்கு இது நடந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இயல்பான அளவு மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை.

மாலைவெயில்:

இருவருக்கும் மிக்க நன்றி. தீற்றுப் பரிசோதனை நடந்திருக்கிறது, அறிக்கையில் அந்தக் குறிப்பு உள்ளது. ஐயா, தங்கையைப் பற்றிய கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. அதோடு, தட்டணுவை அழிப்பது ஆன்டிபாடிதான் என்று முதலில் எப்படித் தெரிந்துகொண்டார்கள்?

நுண்ணோக்கி:

இரண்டாவது கேள்விக்கு ஒரு துணிச்சலான மனிதர் காரணம். 1950-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர் ஐ.டி.பி. நோயாளி ஒருவரின் இரத்தத்தைத் தன் உடலில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அபாயமான அளவுக்குச் சரிந்து வலிப்பும் வந்தது. சில நாள்களில் மீண்டார். நோயின் காரணம் இரத்தத்தில் சுற்றும் ஒரு பொருள் என்பது அதனால் உறுதியானது. அது ஆன்டிபாடி என்பது பின்னர் தெளிவானது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது. இருந்தாலும் அவர்மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை.

தங்கைக்கு வருவோம். ஐ.டி.பி.யில் தொற்று பற்றிய கவலைக்கு எண்ணிக்கையைவிடச் சிகிச்சைதான் பெரிய காரணம். ஸ்டீராய்டு, ரிட்டுக்சிமாப் ஆகிய மருந்துகள் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும். மண்ணீரலை அகற்ற நேர்ந்தால் நியூமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களுக்கு எதிராக முன்கூட்டியே தடுப்பூசி போடுவார்கள். எல்ட்ரோம்போபாக், ரோமிப்ளோஸ்டிம் என்ற இரண்டு மருந்துகளும் வேறு வழி; மெகாகேரியோசைட்டைத் தூண்டித் தட்டணு உற்பத்தியைப் பெருக்குகின்றன, எதிர்ப்பாற்றலை அடக்குவதில்லை. எந்த மருந்து அவருக்கு ஏற்றது என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல முடியும்.

இன்னொன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தட்டணுக்களை நீக்கிய எலிகளின் தோலிலோ நுரையீரலிலோ அழற்சியை உண்டாக்கினால், வெளிக்காயம் எதுவும் இல்லாமலேயே அழற்சி இருக்கும் இடத்தில் இரத்தம் கசிகிறது என்று 2008-இல் காட்டியிருக்கிறார்கள். வெள்ளணுக்கள் குழாய்ச்சுவரைத் துளைத்து வெளியேறும் இடங்களைத் தட்டணுக்கள் அடைத்துக் காக்கின்றன என்பது இப்போதைய புரிதல். எலி ஆய்வுதான், ஆனாலும் இதை நான் பொருட்படுத்துகிறேன். எனவே தங்கைக்குக் காய்ச்சலோ தொற்றோ வந்தால் பழைய எண்ணிக்கையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மருத்துவரிடம் சொல்லிப் புதிதாகப் பரிசோதியுங்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள், இரண்டும் இருக்கிற தட்டணுக்களின் வேலையையும் தடுக்கும். கடுமையான தலைவலி, நிற்காத மூக்கு இரத்தம், கருமையான மலம், வாய்க்குள் இரத்தக் கொப்புளம், இவற்றில் எது தெரிந்தாலும் இரவானாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.