பாட்டிலில் அடைத்த பிறகு பீர் புளிக்கிறது, பொங்கி வழிகிறது: எதைக் கழுவாமல் விட்டேன்?

கேள்வி

வணக்கம். கிழக்கு லண்டனில் இருக்கிறேன். ஒரு வருடமாக வீட்டில் பீர் காய்ச்சுகிறேன். ஒரு ஈடு 23 லிட்டர். அடியில் குழாய் வைத்த பிளாஸ்டிக் வாளியில் நொதிக்க வைத்து, அந்தக் குழாயிலேயே டியூப் மாட்டி நேராகப் பாட்டிலில் அடைப்பேன். முதல் இரண்டு ஈட்டையும் நண்பர்கள் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். மூன்றாவதை வாளியில் இருக்கும்போது மேலிருந்து அகப்பையால் எடுத்து ருசி பார்த்தேன், நன்றாகவே இருந்தது. பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் (சர்க்கரை குறையக் குறைய எண் இறங்கும்) மூன்று நாள் தொடர்ந்து 1.012 காட்டிய பிறகுதான் அடைத்தேன். ஐந்து வாரம் கழித்துத் திறந்தால் பாதி பீர் சிங்க்கில் போய்விட்டது. மிச்சத்தில் மோர்ப் புளிப்பு. பாட்டில் கழுத்தின் உள்ளே வெள்ளை வளையம். ஆறு பாட்டில் திறந்தேன், ஆறும் அப்படியே.

பாத்திரம் கழுவும் திரவம் போட்டுப் பச்சை நாரால் தேய்த்துக் கழுவுகிறேன். பிறகு ஸ்டார் சான் என்ற கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து ஊற்றுகிறேன். ஆனால் அது கலந்த கொஞ்ச நேரத்தில் பால் மாதிரி கலங்கிவிடுகிறது. கெட்டுப்போனதா? ப்ளீச்சையும் வினிகரையும் சேர்த்து ஊற்றினால் எல்லாம் செத்துவிடும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

பதில் 1

முதலில் கடைசிக் கேள்வி. ப்ளீச்சில் வினிகரோ வேறு எந்த அமிலமோ சேர்க்கவே சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும், சின்ன சமையலறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். ஸ்டார் சானும் அமிலம்தான், அதையும் ப்ளீச்சோடு சேர்க்கக் கூடாது. தவிர, ப்ளீச் மிச்சம் இருந்தால் பீரில் மருந்துப் பிளாஸ்திரி வாடை அடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நெடுநேரம் நின்றால் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

அடுத்து, மிச்சப் பாட்டில்களை இன்றே ஃப்ரிட்ஜில் வையுங்கள். உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும், கண்ணாடி வெடிக்கலாம். எடுக்கும்போது துண்டு சுற்றிப் பிடியுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். ஒன்றைத் திறந்து, வாயு போகும்வரை கலக்கிவிட்டு ஹைட்ரோமீட்டரில் பாருங்கள்.

கேட்டவர்

நன்றி அண்ணா. பார்த்தேன், 1.004.

பதில் 2

1.012-லிருந்து 1.004-க்கு இறங்கியிருக்கிறது என்றால், நீங்கள் போட்ட ஈஸ்ட் விட்டுவைத்த சர்க்கரையை வேறொன்று தின்றிருக்கிறது. புளிப்பைப் பார்த்தால் பாக்டீரியா, கூடவே காட்டு ஈஸ்ட்டும் இருக்கலாம். எங்கே ஒட்டியது என்பதற்கு உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஒன்றிரண்டு பாட்டில் மட்டும் கெட்டிருந்தால் பாட்டில் அழுக்கு என்பேன். ஆறும் கெட்டிருக்கிறது, ஆனால் வாளியில் ருசி நன்றாக இருந்தது. வாளிக்கும் பாட்டிலுக்கும் நடுவே இருப்பது குழாயும் டியூபும்தான். அந்தக் குழாயை எப்போதாவது பிரித்திருக்கிறீர்களா?

கேட்டவர்

பிரிக்க முடியும் என்றே தெரியாது. வாளியிலிருந்து கழற்றி, திறந்து மூடி, தண்ணீர் ஓடவிடுவேன்.

பதில் 2

பெரும்பாலான வாளிக் குழாய்கள் இரண்டு துண்டுதான். சூடான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள், பிளாஸ்டிக் இளகும். மரக்கரண்டிக் காம்பால் கீழிருந்து அழுத்தினால் உள்ளே சுழலும் உருளை மேலே வந்துவிடும். படம் எடுத்துப் போடுங்கள்.

கேட்டவர்

பிரித்துவிட்டேன். படம் போடவே மனசு வரவில்லை. உருளைக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம், கஞ்சி மேல் ஆடை படிந்த மாதிரி. அதில் ஹாப் (பீருக்குக் கசப்பு தரும் பூ) துணுக்கு ஒட்டியிருக்கிறது. மோந்து பார்த்தேன், பாட்டிலில் வந்த அதே புளிப்பு. மூன்று ஈடும் இது வழியாகத்தான் போயிருக்கிறது.

பதில் 3

இதில் உங்கள் ஸ்டார் சான் மேல் தவறில்லை. அழுக்கின் மேல் ஊற்றினால் எந்தக் கிருமிநாசினியும் அடியில் இருப்பதைத் தொடாது. கழுவுவது ஒரு வேலை, கிருமி நீக்குவது வேறு வேலை. கலங்குவது லண்டன் தண்ணீரின் சுண்ணாம்பால். கலங்கினாலும் pH (எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 3-க்குக் கீழே இருக்கும்வரை வேலை செய்யும், சோதனைத் தாள் வாங்கிக்கொள்ளுங்கள். டீஅயனைஸ்டு (தாது உப்பு நீக்கிய) தண்ணீரில் கலந்தால் தெளிவாகவே நிற்கும். லிட்டருக்கு 1.5 மில்லி, எல்லா இடத்திலும் இரண்டு நிமிடம் ஈரம் இருந்தால் போதும், அலச வேண்டாம். நுரையைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

கழுவுவதற்கு சோடியம் பெர்கார்பனேட் என்ற தூள். வெந்நீரில், கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே, லிட்டருக்கு 4 கிராம் போலக் கரைத்து இரவு முழுக்க ஊறவிடுங்கள். கையுறை போடுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், ஆக்சிஜன் வெளியேறி அழுத்தம் கட்டும். காய்ந்த ஈஸ்ட் வளையம்கூடத் தானாக விட்டுவிடும், நார் தேவையே இல்லை. நன்றாக அலசுங்கள். உங்கள் ஊர்த் தண்ணீரில் வெள்ளைப் பூச்சு மிஞ்சினால் சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரில் துடைத்தால் போய்விடும்.

பச்சை நாரை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது போடும் கீறல்களுக்குள் கிருமி குடியேறிவிட்டால் எதை ஊற்றியும் எடுக்க முடியாது. உள்ளே விரலால் தடவிப் பாருங்கள், கீறல் தட்டுப்பட்டால் வாளியை மாற்றுங்கள். டியூபைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள்.

பதில் 1

குழாயையும் புதிதாகவே வாங்குங்கள் தம்பி, விலை குறைவுதான். ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும், காய்வதற்கு முன்பே பிரித்துக் கழுவுங்கள். பாட்டிலில் அடைக்கும் குச்சியின் நுனியில் ஸ்பிரிங் இருந்தால் அதையும் கழற்ற வேண்டும்.

கேட்டவர் (இரண்டு மாதம் கழித்து)

வாளி, குழாய், டியூப் மூன்றும் புதிது. அடைக்கும் நாளில் குழாயின் வாய்க்குள்ளும் ஸ்டார் சான் தெளித்துவிட்டுத்தான் திறந்தேன். அடைக்கும்போது 1.011. நேற்று ஆறாவது வாரம், ஒரு பாட்டில் திறந்து வாயு போக்கி அளந்தேன், அதே 1.011. பொங்கவில்லை, வளையம் இல்லை. மாமாவுக்கு நான்கு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் மூவருக்கும் மிக்க நன்றி.