பழைய கெப் (பிக்கப் வண்டி) வச்சிருக்கிறாக்கள், நடுரோட்டில விட்ட கதையள இதில போடுங்கோ (திருகோணமலை)

உவர்மலைக்காரன்:
என்ட டொயோட்டா ஹைலக்ஸ் எல்என்106, 3எல் டீசல் எஞ்சின். வண்டியப் பற்றி இங்க ஆருக்கும் சொல்லத் தேவையில்ல. எஞ்சின் மவுண்டிங் மாத்தி எடுத்த அதே கிழமை கொழும்பு போட்டு வாறன், ஹபரணை தாண்டி கந்தளாய்க்கு வாற ஆனை ரோட்டில ஒரு ஆத்திர அவசரத்துக்கு நிப்பாட்டினது, திருப்பி ஸ்டார்ட் பண்ணினா டக் எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். இருட்டிப் போச்சு. பற்றரி புதுசு. லைட் நல்லா எரியுது, ஹோர்ன் அடிக்குது, ஆனா செல்ப் (எஞ்சின சுத்தி எடுக்கிற ஸ்டார்ட்டர் மோட்டார்) சுத்துதில்ல. மச்சான சாவிய திருப்பச் சொல்லிப்போட்டு நான் பொனட்டுக்குள்ள தலைய விட்டு ஸ்டார்ட்டர் பக்கம் எட்டிப் பாக்கிறன், பிடிக்கு எண்டு கை வச்சது அக்சிலேட்டர் கேபிளில. சுட்டுது பாருங்கோ, அடுப்பில வச்ச கம்பி மாதிரி. கேபிளின்ட கறுப்பு பிளாஸ்டிக் உருகி மணக்குது, மச்சான் உள்ள இருந்து "அத்தான் புகை புகை" எண்டு கத்துறான்.

அப்பதான் ஓடி வெளிச்சுது. பற்றரி நெகட்டிவில இருந்து பொடிக்கு (வண்டியின்ட தகர உடம்புக்கு) போற சின்ன வயர் இருக்கு, எஞ்சின் புளொக்குக்குப் போற மொத்த கேபிள் போல்ட் கழண்டு தொங்குது. மவுண்டிங் மாத்தக்குள்ள கழட்டினவை திருப்பி இறுக்கேல்ல. எஞ்சின் ரப்பரிலதானே குந்திக்கொண்டு இருக்கு, ஸ்டார்ட்டருக்குப் போற அவ்வளவு கரண்டும் திரும்பி வர வேற வழி இல்லாம அக்சிலேட்டர் கேபிளால வந்திருக்கு. ஜம்பர் வயர் ஒண்ட எஞ்சின் கொக்கிக்கும் நெகட்டிவுக்கும் கொழுவினதோட அரைச் சுத்தில பத்திச்சு. அடுத்த நாள் அந்த கராஜ்காரர் என்ன சொன்னவர் தெரியுமோ, "ஸ்டார்ட்டர் பழசு தம்பி, மாத்தினா நல்லம்" எண்டு. இண்டைக்கும் நினைச்சா பத்திக்கொண்டு வருது.

கிண்ணியா நானா:
ஸ்டார்ட்டர் கத எண்டா எனக்கும் ஒண்டு இருக்கு. 2009ல கிண்ணியாப் பாலம் திறக்கிறதுக்கு முன்னால, பாதையில (தண்ணியால வண்டி ஏத்திப் போற மிதவை) ஏத்தித்தான் வண்டி கொண்டு போற காலம். வாப்பாட நிசான் டி21. பாதை கரைய வந்து முட்டிட்டு, முன்னுக்கு நிண்டது எங்கட வண்டி, பின்னுக்கு ஆட்டோ, சைக்கிள், ஆட்டுக்குட்டி, சனம். சாவிய திருப்பினா டிக். திருப்பி திருப்பி டிக் டிக் டிக். பின்னால நிண்ட ஒரு மூத்தாப்பா, "மகன், இதுக்கு நான் நீந்தியே போயிருப்பன்" எண்டார். வாப்பா முகம் சிவந்து போச்சு, இறங்கி வீல் ஸ்பெனரால ஸ்டார்ட்டர்ல ரெண்டு தட்டு, எடுத்துட்டு.

பிறகு கழட்டிப் பாத்தா சொலனொயிட்டுக்குள்ள (சாவி திருப்பினா ஸ்டார்ட்டருக்கு கரண்ட் விடுற சுவிச்) இருக்கிற செம்புக் கொண்டக்ட் ஒரு பக்கம் தேஞ்சு பள்ளம். ஸ்டார்ட்டர மாத்தல்ல, அந்த செம்புத் துண்ட மட்டும் மாத்தினது, பிறகு கன காலம் ஓடிச்சு. டிக் எண்டு கேட்டும் சுத்தல்ல எண்டா முதல்ல அதத்தான் பாக்கணும்.

பாலையூற்று வயரிங்:
நானா, அப்பிடி "முதல்ல அதத்தான்" எண்டு சொல்லக் கூடாது. டிக் எண்டு கேட்டா பற்றரி டெர்மினலில இருந்துதான் தொடங்கணும். நான் வயரிங் வேலைதான் செய்யிறன், என்ட கைக்கு வாற பழைய கெப்பில அரைவாசிக்கு மேல எர்த் (கரண்ட் பற்றரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போற வழி) பிரச்சினைதான், சனம் அதுக்குள்ள ஸ்டார்ட்டரும் டைனமோவும் (பற்றரிய சார்ஜ் பண்ணுறது) மாத்திக் காச முடிச்சுப்போட்டு வருவினம். உவர்மலைக்காரர், நீங்களும் கை சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேணும் எண்டு இல்ல. ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வண்டிக்குள்ள போட்டு வையுங்கோ. டிசி 20 வோல்ட்டில வச்சு ஒரு முனைய பற்றரி நெகட்டிவ் கம்பத்தில (கிளிப்பில இல்ல, ஈயக் கம்பத்தில) பிடியுங்கோ, மற்ற முனைய எஞ்சின் புளொக்கில வெறும் இரும்பு தெரியிற இடத்தில வச்சு ஒராள செல்ப் அடிக்கச் சொல்லுங்கோ. 0.2 வோல்ட்டுக்குள்ள நிண்டா எர்த் நல்லம். 1 வோல்ட் அது இது எண்டு ஏறினா கேபிள் போச்சு. பிறகு அதே மாதிரி பொடிக்கும் செய்யுங்கோ, பிறகு பொசிட்டிவ் கம்பத்தில இருந்து ஸ்டார்ட்டரின்ட மொத்த வயர் போல்ட்டுக்கும் செய்யுங்கோ. எல்லாம் சரியா வந்தும் ஸ்டார்ட்டர் சுத்தேல்ல எண்டாத்தான் நானா சொன்ன கொண்டக்ட்.

சார்ஜிங்கும் அப்பிடித்தான். ஓடிக்கொண்டிருக்க பற்றரியில 13.8இல இருந்து 14.4 வரைக்கும் காட்ட வேணும். 12.5 காட்டுது எண்டு உடன டைனமோவ கழட்டாதீங்கோ, பெல்ட் வழுக்குதோ, பின்னால இருக்கிற பிளக் காஞ்சு கறுத்ததோ எண்டு பாருங்கோ. அந்த எல் சீரிஸ் (2எல், 3எல்) எஞ்சினில டைனமோ முதுகில பிரேக்குக்கான வாக்குவம் பம்பும் இருக்கு. அதின்ட சீல் போனா ஒயில் டைனமோவுக்குள்ள இறங்கி கரி பிரஸ்ஸ நாசமாக்கும். புது டைனமோ போட்டும் ஒரு மாசத்தில சார்ஜ் போகுது எண்டு வாறவையிட்ட நான் முதல்ல பின்பக்கம் விரல வச்சுத்தான் பாக்கிறது.

மட்டிக்களி:
அனுபவத்தப் போடச் சொன்னா ஒராள் வகுப்பு எடுக்கிறார். கதைய சொல்லுங்கோ அண்ணே!

என்ட விசயம் கரண்ட் இல்ல, டீசல். 2022ல கியூவில நிண்ட காலம் தெரியும்தானே, கிடைச்ச டீசல பிளாஸ்டிக் கானில ஊத்தி வீட்டுக்குப் பின்னால வச்சு வச்சு அடிச்சனாங்கள். பிறகு வண்டி ஒரு பழக்கம் பழகிச்சு. மூக்க மேட்டுப் பக்கமா நிப்பாட்டினா காலையில எடுக்காது, பள்ளத்தப் பாக்க நிப்பாட்டினா ஒரே அடியில எடுக்கும். ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொன்னாங்கள், ஹீட்டர் பிளக் எண்டினம், டீசல் பம்ப் போச்சு எண்டினம், பம்புக்கு சொன்ன விலைக்கு ஒரு மோட்டச்சைக்கிள் வாங்கலாம். கடைசியில ஒரு வயசான மெக்கானிக் பாஸ் வந்து பில்டருக்கும் பம்புக்கும் இடையில ஹொஸ்ஸ கழட்டிப்போட்டு கண்ணாடி மாதிரி உள்ள தெரியிற டியூப் துண்டு ஒண்ட போட்டார். கை பம்ப அமத்தி ஸ்டார்ட் பண்ணினார். டியூப்புக்குள்ள சின்னச் சின்னக் குமிழி வரிசையா ஓடுது. அவர் ஒரு வார்த்தை கதைக்கேல்ல, விரலால காட்டினார், அவ்வளவுதான்.

எங்கயோ காத்து எடுக்குது, ராவு முழுக்க டீசல் டாங்கிக்குத் திரும்பி இறங்கிடுது. கை பம்பின்ட ரப்பர் வெடிச்சுக் கிடந்தது. அதோட பில்டருக்கு அடியில இருக்கிற தண்ணி வடிக்கிற ஆணியக் கழட்டினா முதல் வந்தது டீசலே இல்ல, தண்ணி.

குச்சவெளி மீன்கெப்:
நான் மீன் ஏத்திற ஆள். ஐஸ் தண்ணியும் உப்பும் டெக்கால வடிஞ்சு வடிஞ்சு பின் சேசிஸ் எப்பிடி இருக்கும் எண்டு கேக்காதீங்க. ஒரு நாள் விடிய இருட்டோட நிலாவெளியால வரக்குள்ள பொலிஸ் மறிச்சிட்டு. லைசன்ஸ் கேக்கல்ல, "பிரேக்க அமத்துங்க" எண்டார் ஒராள். அமத்தினன். பின்னால நிண்டவங்கள் எல்லாரும் சிரிக்கிறாங்கள். இறங்கிப் பாத்தா, பிரேக் அமத்தினா இடப்பக்க சிக்னல் மங்கலா எரியுது, சிக்னல் போட்டா பார்க் லைட்டும் சேந்து மினுங்குது. ஒராள் சொல்றார், "அண்ணே இது கெப்பா, கோயில் திருவிழா சோடனையா" எண்டு. தண்டம் எழுதல்ல, நாளைக்கு இப்பிடி வந்தா எழுதுவன் எண்டாங்கள்.

பின் லாம்பிட எர்த் வயர் பச்சை பிடிச்சு பொடிஞ்சு போயிருந்தது. எர்த் இல்லாத கரண்ட் மற்ற பல்புக்குள்ளால சுத்தித்தான் வழி தேடும். நான் இப்ப பொடியில இறுக்கிறத விட்டுட்டு, ரெண்டு லாம்புக்கும் தனி வயர் முன்னுக்கு இழுத்து நல்ல இரும்பில இறுக்கி கிறீஸ் பூசி விட்டிருக்கன். கடல் பக்கம் வண்டி ஓட்டினா வேற வழியில்ல.

தம்பலகாமம்:
ஹீட் ஆகிற கதைய ஒருத்தரும் போடேல்ல. எங்கட அண்ணர் நெல் மூட்டை ஏத்தி, ஏசி இல்லாத 2எல், பங்குளம் பக்கம் ஹீட் காட்டுற ஊசி மேல போட்டுது. தேமோஸ்டாட்ட (எஞ்சின் சூடாகிற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம அடைக்கிற வால்வு) கழட்டி எறிஞ்சனாங்கள். இந்த வெயிலுக்கு அது எதுக்கு? அதுக்குப் பிறகு கொஞ்சம் பரவாயில்ல, ஆனா லோட் ஏத்தினா திருப்பியும் ஏறுது.

பாலையூற்று வயரிங்:
"கொஞ்சம் பரவாயில்ல, ஆனா ஏறுது" எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள். தேமோஸ்டாட்டுக்கு அடியில ரெண்டாவது தட்டு ஒண்டு இருக்கிற வகை எண்டா அது சூடான நேரம் பைபாஸ் வழிய அடைக்கிறது. கழட்டி எறிஞ்சா கொஞ்சத் தண்ணி ரேடியேட்டர் பக்கம் போகாம எஞ்சினுக்குள்ளேயே சுத்தும். திருப்பிப் போடுங்கோ. போடுறதுக்கு முன்னம் பானையில தண்ணி கொதிக்க வச்சு உள்ளுக்கு விட்டுத் திறக்குதோ எண்டு பாருங்கோ. ரேடியேட்டர ரொட் அடிச்சும் (குழாயளுக்குள்ள கம்பி விட்டு அடைப்பு எடுத்தும்) எடுங்கோ. 2எல் ஹெட் (எஞ்சின்ட மேல் பகுதி) சூட்டுக்கு வெடிக்கிறது ஊரறிஞ்ச கதை.

தம்பலகாமம்:
முப்பது வருசமா இங்க எல்லாரும் கழட்டித்தான் ஓடுறாங்கள் அண்ணே.

கிண்ணியா நானா:
அந்த எல்லார்ர ஹெட்டும் எங்க கிடக்கு எண்டு கேளுங்க.

சாம்பல்தீவு பொடியன்:
என்டது சின்ன விசயம், ஆனா மானம் போச்சு. செத்தவீட்டுக்குப் போனனாங்கள், பிரேதம் எடுத்துக்கொண்டு வருகினம், நான் வண்டிய ஓரங்கட்ட ஸ்டியரிங்க இடப்பக்கம் வெட்டினன், ஹோர்ன் தன்ட பாட்டில அடிக்கத் தொடங்கிட்டு. வலப்பக்கம் வெட்டினா நிக்குது. ரோட்டோ ஒடுக்கம், இடப்பக்கம் வெட்டாம ஓரங்கட்ட ஏலாது. பறை அடிச்சவரும் நிப்பாட்டிப்போட்டு என்னையே பாக்கிறார். சித்தப்பா வந்து கண்ணாடியில தட்டி, "டேய் விசரா, என்னடா செய்யிறாய்" எண்டு பல்லக் கடிச்சார்.

ஸ்டியரிங் கொலத்துக்குள்ள (ஸ்டியரிங் தண்டு போற குழாய்) ஹோர்ன் ரிலேக்கு எர்த் குடுக்கிற வயர் எங்கயோ தோல் உரிஞ்சு இரும்பில உரசுது எண்டு நினைக்கிறன். அதத் திருத்திற வரைக்கும் ஹோர்ன் பியூஸ கழட்டி டாஷ்போர்ட்டில வச்சுப்போட்டு ஓடுறன்.

பாலையூற்று வயரிங்:
தம்பி, ஹோர்ன் இல்லாம ஓடுறதே பிழை. அதவிட பழைய ஹைலக்ஸ் எண்டா ஹசார்ட் லைட்டும் (நாலு சிக்னலும் சேந்து மினுங்கிறது) அதே பியூஸிலதான். போட்டுப் பாத்தனீங்களோ?

சாம்பல்தீவு பொடியன்:
இப்ப இறங்கிப் போய்ப் பாத்தன் அண்ணே. எரியேல்ல.