ஒரே நேரத்தில் இரண்டு நேரலைகள்: பாதியில் பறிபோன ஆட்டங்கள் பற்றிய அனுபவங்கள்

மூன்றாம்நடுவர் எழுதியது:

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டென்னிஸ் அரையிறுதி ஐந்தாவது செட்டில் ஐந்துக்கு ஐந்து என்று நின்றபோது, அடுத்த சர்வீஸுக்காகப் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்த வீரரின் கை திரையிலிருந்து மறைந்து, ஆளில்லாத ஒரு கால்பந்துத் திடலின் புல்வெளி வந்து நின்றது. அந்தக் கால்பந்து ஆட்டம் தொடங்கவே இன்னும் இருபது நிமிடங்கள் இருந்தன. மூன்று பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, அன்று யார் ஆடுவார், யார் உட்காருவார் என்று நிதானமாக அலசிக்கொண்டிருந்தார்கள். என் கை பட்டு சேனல் மாறிவிட்டதோ என்று முதலில் ரிமோட்டைத்தான் சந்தேகித்தேன். டென்னிஸ் எங்கே போனது, திரும்ப வருமா, வேறெங்காவது ஓடுகிறதா என்பதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடிவை மறுநாள் காலைச் செய்தியில் தெரிந்துகொண்டேன்.

ஐந்து செட் ஆட்டத்துக்கு முடிவு நேரம் என்று ஒன்று கிடையாது என்பது எனக்கும் தெரியும். 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மஹூவும் மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிடம் ஆடி, கடைசி செட்டை 70-68 என்று முடித்தார்கள். ஆகவே சேனல் காத்திருந்தே ஆக வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. இரண்டு நேரலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது எதை வைப்பது, எதை விடுவது என்பதை அந்த நிமிடத்தில் யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். என்னைப் போல வெளியே இருந்து பட்டவர்களும், உள்ளே இருந்து பார்த்தவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதினால் நன்றாக இருக்கும்.

இரவுப்பணி எழுதியது:

ஒரு விளையாட்டுச் சேனலின் எம்.சி.ஆர். எனப்படும் தலைமைக் கட்டுப்பாட்டு அறையில் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தவன் நான். உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் உங்களுக்கு எரிச்சலூட்டலாம்: அந்த நிமிடத்தில் பெரும்பாலும் யாரும் தீர்மானிப்பதில்லை. தீர்மானம் சில நாட்களுக்கு முன்பே வேறொரு தளத்தில் எடுக்கப்பட்டு, அச்சடித்த தாளாக எங்கள் விசைப்பலகையின் அருகே வந்து கிடக்கும்.

அந்த அறையில் என்ன இருக்கிறது என்று சொன்னால் புரியும். எதிர்ச்சுவர் முழுக்கத் திரைகள். ஒன்றில் இப்போது வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கும் படம், அதன் பக்கத்தில் அடுத்துப் போகவிருக்கும் படம், மற்றவற்றில் திடல்களிலிருந்து வந்துகொண்டிருக்கும் ஃபீடுகள். மேசைக் கணினியில் நிகழ்ச்சிகள் வரிவரியாக அடுக்கப்பட்டிருக்கும். விளம்பரத்துக்கும் பதிவு செய்த நிகழ்ச்சிக்கும் நொடிக்கணக்கில் நீளம் உண்டு. ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். நேரலை வரிக்கு மட்டும் நீளம் உத்தேசம்தான். அதை முடிப்பது மனிதக் கை. அந்தக் கைக்கான அதிகாரம் தாளில் எழுதியிருப்பதோடு நின்றுவிடும்: முதல் ஆட்டம் இத்தனை மணிக்குள் முடிந்தால் இப்படி, தாண்டினால் இப்படி, சந்தேகம் வந்தால் இன்ன எண்ணுக்கு அழைக்கவும்.

ஒரு மாலை, ஹாக்கி நாக்-அவுட் ஆட்டம் ஒன்று. ஏழு மணிக்குக் கிரிக்கெட்டுக்கு மாற வேண்டும் என்று தாள் சொன்னது. நான்கு கால்பகுதி, இடைவேளைகள், பரிசளிப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஏழு மணி தாராளமான கணக்குத்தான். ஆட்டம் சமனில் முடிந்து ஷூட்-அவுட் வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் எழுதியவர் யோசிக்கவில்லை. ஆறு ஐம்பத்தைந்துக்கு அதுதான் வந்தது. நான் தாளில் இருந்த எண்ணை அழைத்தேன், இணைப்பு ஓய்வாக இல்லை. மறுபடி அழைத்தேன், அப்போதும் இல்லை. மூன்றாவது முறையும் அதே ஒலி. கடிகாரம் ஏழைத் தொட்டதும் தாளில் இருந்ததைச் செய்தேன். கிரிக்கெட் தொகுப்பாளர் புன்னகையோடு வணக்கம் சொன்னார். இடப்பக்கத் திரையில், ஒலி இல்லாமல், ஒரு வீராங்கனை எட்டு நொடிக்குள் கோல்கீப்பரைத் தாண்டிப் போக முயன்றுகொண்டிருந்தார். அணிக்கு ஐந்து முயற்சிகள். அத்தனையையும் எங்கள் கட்டடத்தில் நானும், தேநீர் குடிக்க எழுந்த என் சகபணியாளரும் மட்டுமே பார்த்தோம்.

இரண்டு நிமிடம் கழித்து மேலதிகாரி அழைத்தார். "ஏன் மாற்றினீர்கள்? மாற்ற வேண்டாம் என்று சொல்வதற்குத்தானே இவ்வளவு நேரமாக உங்களை அழைத்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். நான் அவரை அழைக்க, அவர் என்னை அழைக்க, இருவருடைய இணைப்பும் ஓயவே இல்லை.

இதைவிடப் பெரிய அளவில் இதே கதை அமெரிக்காவில் எப்போதோ நடந்திருக்கிறது என்பது அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 1968 நவம்பர் 17 அன்று நியூயார்க் ஜெட்ஸ் அணியும் ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியும் மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில், ஜெட்ஸ் 32-29 என்று முன்னிலையில் இருக்க, 65 நொடிகள் மட்டும் மிச்சமிருந்தன. ஏழு மணி ஆனதால் என்.பி.சி. நிறுவனம் நாட்டின் கிழக்குப் பகுதியில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, 'ஹெய்டி' என்ற குழந்தைகள் படத்தைத் தொடங்கிவிட்டது. அந்தக் கடைசி நிமிடத்தில் ரைடர்ஸ் இரண்டு டச்டவுன் அடித்து 43-32 என்று வென்றது. ஆட்டத்தை முடிவு வரை காட்டலாம் என்று மேலிடம் உண்மையில் முன்பே முடிவு செய்திருந்தது. ஆனால் படம் நேரத்துக்கு வருமா என்று கேட்டவர்களும், ஆட்டத்தை நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டவர்களுமாகச் சேர்ந்து தொலைபேசி இணைப்பகத்தையே திணறடித்துவிட்டதால், அந்த முடிவு கட்டுப்பாட்டு அறைக்கு வந்து சேரவில்லை. நிறுவனத்தின் தலைவர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். பிற்பாடு கட்டுப்பாட்டு அறைக்கென்று, பொது இணைப்பகத்தைத் தொடாத தனித் தொலைபேசி ஒன்றை வைத்தார்கள். அதற்கு 'ஹெய்டி ஃபோன்' என்றே பெயர்.

பொத்தானின் அருகே இருப்பவனுக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் பொத்தானின் அருகே இல்லை. நான் வேலை பார்த்த இடத்தில் பிற்பாடு செய்த திருத்தமும் அதே தனித் தொலைபேசிதான்.

பதிவுப்பெட்டி எழுதியது:

என்னுடையது சிறிய அனுபவம். வேலை முடிந்து வந்து பார்க்கலாம் என்று பெட்டியில் பதிவு செய்ய வைத்துவிட்டுப் போவேன். முந்தைய ஆட்டம் நீண்டால் அடுத்தது தாமதமாகத் தொடங்கும். பெட்டியோ அட்டவணை நேரத்தை மட்டுமே நம்பிக் கடைசி ஓவருக்கு முன் நிறுத்திவிடும். இரண்டு முறை ஏமாந்த பிறகு, அதை அடுத்து வரும் சமையலோ பழைய ஆட்டமோ எதுவாக இருந்தாலும் அதையும் சேர்த்துப் பதிவு செய்து வைக்கிறேன். எனக்கு வேண்டிய ஆட்டத்தின் முடிவு பெரும்பாலும் அந்தச் சமையல் நிகழ்ச்சியின் பெயரில்தான் கிடைக்கிறது.

அட்டவணைமேசை எழுதியது:

இரவுப்பணி நண்பர் குறிப்பிடும் அந்தத் தாளை எழுதும் பக்கத்தில் இருந்தவன் நான். எங்கள் மீதும் கொஞ்சம் இரக்கம் காட்டலாம். எதை முதன்மைச் சேனலில் வைப்பது என்பதை ரசனை தீர்மானிப்பதில்லை, ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது. ஒரு போட்டியின் உரிமையை விற்பவர், இன்னின்ன சுற்று ஆட்டங்கள் முதன்மைச் சேனலில், தொடக்கம் முதல் பரிசளிப்பு வரை நேரலையாக வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வது உண்டு. படத்தைச் சுருக்கி மூலையில் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் பார்த்திருக்கிறேன். திரையை இரண்டாகப் பிரித்து இரண்டையும் காட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு அதுவே பதில்.

இன்னொன்று, ஆட்டத்தின் உடல்வாகு. கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் மூச்சு விட இடம் உண்டு. டென்னிஸில் முனை மாறும்போது 90 நொடி உண்டு. எட்டிப் பார்த்துவிட்டு வரக் கிடைக்கும் இடைவெளிகள் இவை, ஆனால் அவைதான் விளம்பரத்துக்கு விற்கப்பட்ட நொடிகளும். கால்பந்திலோ 45 நிமிடம் ஓட்டை கிடையாது. நீங்கள் திரும்பிய பக்கம் கோல் விழாது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே கால்பந்தும் டென்னிஸும் மோதினால் டென்னிஸ்தான் இடம் மாறும். மூன்றாம்நடுவருக்கு நேர்ந்ததும் அநேகமாக அதுவே. ஆனால் ஆட்டத்துக்கு முந்தைய அரட்டைக்காக ஐந்தாவது செட்டை வெட்டியதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அரட்டையின் ஸ்பான்சர் காசு கொடுத்திருப்பார் என்பது மட்டும் உறுதி.

நன்றாகத் திட்டமிட்ட மோதலுக்கு உதாரணம் 2019 ஜூலை 14. அன்று பிரிட்டனில் லார்ட்ஸில் உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதி, விம்பிள்டனில் ஜோகோவிச் - ஃபெடரர் இறுதி, சில்வர்ஸ்டோனில் ஃபார்முலா ஒன் பந்தயம் மூன்றும் ஒரே பிற்பகலில். கிரிக்கெட்டை இலவசமாகக் காட்ட ஸ்கை நிறுவனம் சேனல் 4-உடன் படத்தைப் பகிர்ந்துகொண்டது. ஆனால் கார் பந்தயத்தையும் காட்டும் கடமை சேனல் 4-க்கு இருந்தது. ஆகவே கிரிக்கெட்டைத் தொடங்கி, பந்தய நேரத்தில் துணைச் சேனலான மோர் 4-க்கு அனுப்பி, பந்தயம் முடிந்ததும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். இந்த இடமாற்றம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. அதன் பிறகு நடந்ததுதான் எந்தத் தாளிலும் எழுத முடியாதது: டென்னிஸ் 4 மணி 57 நிமிடம் இழுத்துக் கடைசி செட்டில் 12-12 வந்து டைபிரேக்கர் ஆட, அதே வேளையில் கிரிக்கெட் 241-க்கு 241 என்று சமனாகி சூப்பர் ஓவருக்குப் போனது. டென்னிஸ் வேறு நிறுவனத்தின் கையில் இருந்ததால் எந்த அட்டவணைக்காரரும் அங்கே தேர்வு செய்ய வேண்டியிருக்கவில்லை. ரிமோட் வைத்திருந்தவர்கள்தான் செய்தார்கள். அன்று நான் எதையுமே ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசிச்சுற்று எழுதியது:

எல்லா மோதலும் விபத்தல்ல. வேண்டுமென்றே வைக்கப்படுபவையும் உண்டு. 1982 உலகக் கோப்பைக் கால்பந்தில், அதே பிரிவில் இருந்த அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முந்தைய நாளே முடித்துவிட்டதால், எந்த முடிவு வந்தால் இருவருமே அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்பது மேற்கு ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் முன்பே தெரிந்திருந்தது. பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் போட்டது; மிச்ச நேரம் பந்தைச் சும்மா உருட்டிக் கழிந்தது. அதனால்தான் 1986 முதல் ஒவ்வொரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. நேர்மைக்காகச் செய்த அந்த ஏற்பாடு ஒளிபரப்பாளருக்குத் தீராத தலைவலி.

2012 மே 13, இங்கிலாந்து பிரீமியர் லீகின் கடைசி நாள். கோப்பை மான்செஸ்டரின் இரண்டு அணிகளில் ஒன்றுக்கு. நான் யுனைடெட் சண்டர்லாந்தில் ஆடியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் 1-0 என்று வென்று, ஆட்டமும் முடிந்துவிட்டது. சிட்டியின் ஆட்டம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மாற்றிப் பார்க்கலாம் என்று ரிமோட்டை எடுப்பதற்குள் சண்டர்லாந்து ரசிகர்கள் குதிக்கத் தொடங்கினார்கள். வென்று நின்ற வீரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிட்டியின் அகுவேரோ 93 நிமிடம் 20 நொடியில் போட்ட அந்தக் கோலை உலகமே அவருடைய காலில் பார்த்தது. நான் தோற்றவர்களின் முகத்தில் பார்த்தேன். தவறான சேனலில் இருந்ததற்காக அன்று நொந்துகொண்டேன். இன்று அப்படித் தோன்றவில்லை.

2021 அக்டோபர் 8 அன்று ஐ.பி.எல். கடைசி லீக் ஆட்டங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தபோதும் நான் தேர்வில் தோற்றேன். மும்பை 171 ஓட்ட வித்தியாசத்தில் வென்றால்தான் அடுத்த சுற்று என்ற கணக்கை நம்பி அங்கேயே உட்கார்ந்திருந்தேன். 235 ஓட்டத்தைத் துரத்திய ஹைதராபாத் 65-ஐத் தொட்டதும் அந்தக் கணக்கு செத்துவிட்டது. எதற்கும் உதவாத ஆட்டம் என்று நான் ஒதுக்கிய பெங்களூர் - டெல்லி ஆட்டமோ கடைசிப் பந்தில் பரத் அடித்த சிக்ஸரில் முடிந்தது.

எல்லா ஆட்டங்களுக்கும் தாவித்தாவிப் போகும் நிகழ்ச்சிகளைச் சிலர் இதற்குத் தீர்வாகச் சொல்கிறார்கள். ஜெர்மனியில் 'கான்ஃபரன்ஸ்' என்ற பெயரில் கால்பந்துக்கு அப்படி ஒன்று உண்டு. அமெரிக்காவில் அவர்களுடைய கால்பந்துக்கு 2009-இல் என்.எஃப்.எல். ரெட்ஸோன் என்ற சேனல் வந்தது. எந்தக் கோலும் தவறாது என்பது உண்மை. ஆனால் கோலுக்கு முந்தைய இருபது நிமிட முற்றுகையைப் பார்க்காதவனுக்கு அந்தக் கோல் ஒரு செய்தி மட்டுமே.

மூன்றாம்நடுவர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இதைப் படித்த பிறகு, அன்று என்னோடு அதே ஆட்டத்தைப் பார்த்த நண்பரிடம் பேசினேன். டென்னிஸ் அதே குழுமத்தின் இன்னொரு சேனலில் முடிவு வரை ஓடியதாம். என் பட்டியலில் இரண்டு எண் தள்ளி இருக்கும் சேனல் அது. நான் ரிமோட்டை ஒரு முறை அழுத்திவிட்டு விட்டிருக்கிறேன்.

இரவுப்பணி எழுதியது:

ஐயா, ஹாக்கி அன்று எங்களிடமும் இரண்டாவது சேனல் இருந்தது. ஷூட்-அவுட் அதில் போய்க்கொண்டுதான் இருந்தது. 'இந்த ஆட்டம் எங்கள் இரண்டாவது சேனலில் தொடர்கிறது' என்ற பட்டை வரியும் கிராபிக்ஸ் கணினியில் தயாராக இருந்தது. அதை ஏற்ற வேண்டியவர் என் சகபணியாளர். அவரும் நானும் அப்போது ஷூட்-அவுட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.